துருக்கித் துப்பாக்கி

அக்டோபர் 3, செவ்வாய்

டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார். காது வரைக்கும் போனது. அதற்கு மேல் வரவில்லை. "வாத்து சுடலாமா?" என்று கேட்டேன். "உதை கம்மியா இருந்தா சுடுங்க. பம்ப் துப்பாக்கி மட்டும் வேண்டாம்" என்றார். ஒவ்வொரு வெடிக்கும் முன்கட்டையை இழுத்துத் தள்ளுகிற வேலை ஆபரேஷன் ஆன தோளுக்கு ஆகாதாம். நாற்பத்தொரு வருஷமாக அந்தப் பம்ப்தான்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் டாயல் நிற்கிறான். கொழுந்தன். "அண்ணி, இந்த வருஷம் ரெஸ்ட் எடுங்களேன். உங்க இடத்துல நம்ம பேங்க் வெண்டல் உக்காரட்டும். ஒரே வருஷந்தான்."

ஒரே வருஷமாம். வாத்துக் கண்ணில் படாமல் ஒளிந்து சுட, நெல் வயலுக்குள் புதைத்த இரும்புக் குழி அது. நாலே இடம். மாமனார் போட்ட சட்டம்: சீசன் தொடங்குகிற காலையில் வராதவனுக்கும், வேட்டைக் காவலரிடம் அபராதச் சீட்டு வாங்கினவனுக்கும் இடம் போச்சு, திரும்பக் கிடையாது. என் இடம் மாமனாரே கொடுத்தது. வெண்டல் உட்கார்ந்தால் எழுந்திருப்பானா?

1991 டிசம்பர் 14. நான் சுட்ட பச்சைத்தலை வாத்தைத் தன் வாரில் மாட்டிக்கொண்டு "என்னுது" என்றவன் இந்த டாயல். அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. எனக்கு மறக்குமா?

அக்டோபர் 10, செவ்வாய்

கார்வின் கடைக்குப் போனேன். தானாகத் தோட்டா ஏறுகிற செமி ஆட்டோமேட்டிக் வேண்டும், ஐந்நூறு டாலருக்கு மேல் முடியாது என்றேன். எடுத்த எடுப்பில் ரோஸ் கலரில் ஒன்றை நீட்டுகிறான். "லேடீஸுக்குன்னே வந்துது."

"வாத்து என்னைப் பொண்ணு பாக்கவா வருது? கருப்பு எடு."

இத்தாலிக்காரன் துப்பாக்கி கையில் வெண்ணெய் மாதிரி இருந்தது. விலையைக் கேட்டு வைத்துவிட்டேன். துருக்கியில் செய்தது இரண்டு. ஒன்று இறகு மாதிரி லேசு. உதையின் வேகத்திலேயே ஓடுகிற ஜாதி. லேசான துப்பாக்கி கழுதை மாதிரி உதைக்கும். தோள் கொஞ்சம் தளர்ந்து கொடுத்தால் அடுத்த தோட்டா ஏறாது என்று அவனே ஒத்துக்கொண்டான். என் தோளுக்கு அது சரிவருமா? மற்றது வெடிக்கிற வாயுவில் ஓடுவது. கனம், சீக்கிரம் கரி பிடிக்கும், ஆனால் உதையில் பாதியைத் தானே விழுங்கிக்கொள்ளும்.

பையிலிருந்து வேட்டைக் கோட்டையும் கையுறையையும் எடுத்து மாட்டினேன். வெளியே வெயில். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சட்டையோடு தூக்கிப் பார்த்து வாங்குகிறவன் நவம்பரில் அழுவான். கோட்டோடு பத்துத் தடவை தோளில் வைத்துப் பார்த்தேன். கனமானதையே எடுத்தேன். 429.

அக்டோபர் 21, சனி

அவமானம்.

நான் சுட்டுப் பழக, வரப்பில் மகள் டார்லா களிமண் தட்டு வீசினாள். தோளுக்கு இதமாக இருக்கட்டும் என்று புறாவுக்குப் போடுகிற பலம் குறைந்த தோட்டா போட்டேன். பத்தில் நாலு தடவை காலித் தோட்டா வெளியே விழாமல் வாயிலேயே மாட்டிக்கொண்டது. திரும்பினால் டாயலின் டிரக் நிற்கிறது. எவ்வளவு நேரமாகவோ!

"துருக்கிக்காரன் காபி நல்லாப் போடுவான் அண்ணி."

"உன் வாயிலயும் ஒண்ணு மாட்டிக்கிட்டா தேவலை."

டார்லா வண்டியில் சொன்னாள்: "அம்மா, தோளும் போய் பேரும் போகணுமா? விட்டுடேன்." என் மகள் பேசுகிற பேச்சா இது?

அக்டோபர் 23, திங்கள்

கார்வின் சொல்கிறான்: கம்பெனிக் கிரீஸைத் துடைத்து எடுக்கணும், முதல் ஐம்பது வெடியும் பலமான தோட்டாவாக இருக்கணும். "புஸ்தகத்துல போட்டிருக்கே!" ஏழாவதோடு நின்றவளுக்கு எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. படத்தைப் பார்த்து நானே சமையல் மேஜையில் பிரித்தேன். துணியில் கருப்பாக வந்தது, அல்வா மாதிரி.

நவம்பர் 4, சனி

ஐம்பது வெடி. ஒன்றும் மாட்டவில்லை. தோள் கத்தரிக்காய் நிறம். உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு இடது கையால் எழுதுகிறேன்.

நவம்பர் 16, வியாழன்

டாயல் வந்தான். "துப்பாக்கியக் குடுங்க, பாத்துட்டுத் தரேன்." கொடுக்கவில்லை. அவன் போன பிறகு மறுபடி தோட்டாக் குழல் வரைக்கும் பிரித்து, துடைத்து, மாட்டினேன். இந்த வீட்டில் யாரையும் நம்ப முடியாது.

நவம்பர் 18, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சீசன் முதல் நாள். விடிவதற்கு முன்னால் குழியில் இறங்கிவிட்டோம். பல் தந்தி அடித்தது. விரல் மரத்து என் தோட்டா இரண்டு தண்ணீரில் விழுந்தது. "குடுங்க அண்ணி, நான் ரொப்பறேன்" என்று டாயல் வாங்கிக்கொண்டான். மாட்டேன் என்று சொல்வதற்குள் வாங்கிவிட்டான். ஒன்று போட்டான், இரண்டு போட்டான், மூன்றாவதை அழுத்திப் பார்த்தான். நின்றான். என்னைப் பார்த்தான். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டான். நெற்றி விளக்கு வெளிச்சத்தில் எதையோ கழற்றுகிற சத்தம். குழியை மூடியிருந்த வில்லோக் கிளையை ஒடிக்கிற சத்தம்.

"என்னடா பண்றே?"

"ஸ்பிரிங் கத்துது. சும்மா இருங்க."

போச்சு, என்னமோ பண்ணிவிட்டான். எழுந்து போனால் இடம் போகும். வாய் திறந்தால் சண்டை. வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். முதல் கூட்டம் இறங்கியபோது வாத்தைப் பார்க்கவில்லை, துப்பாக்கியைத்தான் பார்த்தேன். வெடித்தது. மறுபடி வெடித்தது. ஒரு பச்சைத்தலை விழுந்தது. சந்தேகம் மட்டும் விழவில்லை.

எட்டு மணிக்கு வேட்டைக் காவலர் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தார். வாத்துக்கு மொத்தம் மூன்றே தோட்டா என்பது சட்டம்: வாயில் ஒன்று, குழலில் இரண்டு. அதற்கு மேல் ஏறாமலிருக்கக் குழலுக்குள் ஒரு அடைப்புக் குச்சி இருக்கும். ஒவ்வொரு துப்பாக்கியாக வாங்கித் தோட்டா போட்டுப் பார்த்தார். என்னுடையதில் இரண்டு போனது. மூன்றாவதை அழுத்தினார். போகவில்லை. துப்பாக்கியைக் குலுக்கினார். உள்ளே கடகட என்றது.

"இதென்ன சத்தம்?"

டாயல் முந்திக்கொண்டான். "வில்லோக் குச்சி சார். அண்ணி பழைய காலத்து ஆளு."

காவலர் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போனார். எனக்குக் குளிரெல்லாம் போய் வேர்த்தது. டாயல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நவம்பர் 19, ஞாயிறு

சுருட்டி வைத்த எண்ணெய்த் துணிக்குள் கிடந்தது. கம்பெனி கொடுத்த அடைப்புக் குச்சி. வியாழக்கிழமை கழற்றித் துடைத்தவள் நான். மாட்ட மறந்தவளும் நான்.

அவன் இதைத் தொடவே இல்லை. இது இல்லாததைப் பார்த்துத்தான் வில்லோக் குச்சியை ஒடித்துப் போட்டிருக்கிறான். பேசாமல் இருந்திருந்தால் போதும், காவலர் சீட்டு எழுதியிருப்பார், வெண்டல் உட்கார்ந்திருப்பான். ஏன் இருக்கவில்லை?

துப்பாக்கியில் டாயல் ஏதோ சதி செய்தான் என்று நேற்று டார்லாவிடம் சொன்னதைப் போனில் வாபஸ் வாங்கினேன். "நீயா பேசறே?" என்றாள். வைத்துவிட்டேன்.

டாயலுக்கும் போன் செய்தேன். "நேத்து காத்து நல்லா இருந்துது" என்றேன். "ஆமா அண்ணி" என்றான். 

நவம்பர் 25, சனி

குழியில் இறங்கும்போது மெதுவாகக் கேட்டான். "அந்தக் குச்சிய எடுத்துட்டு ஒரிஜினலப் போட்டுட்டீங்கல்ல?"

"போட்டாச்சு" என்றேன்.

போடவில்லை. ஒரிஜினல் டிராயரில் இருக்கிறது. தோளில் வைக்கிறபோது உள்ளே வில்லோக் குச்சி லேசாக ஆடுகிறது. ஆடட்டும்.