முதலில் வந்தவருக்கே வீடு

கோயம்புத்தூர்,
ஆனி 24.

அன்புள்ள மாமாவுக்கு,

லோகப்பிரியா வணக்கத்துடன் எழுதுவது. நானும் அத்தையும் நம் மகள் தாரணியும் நலம். உங்கள் நலத்தைப் பற்றி நீங்கள் சொல்வதை இனி நான் நம்புவதாக இல்லை. ஏன் என்று கீழே எழுதியிருக்கிறேன்.

தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் நீங்கள் நான்கு வார்த்தை சொல்லி வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. ஷாஹுல் தம்பி லீவு முடிந்து வியாழக்கிழமை மஸ்கட் திரும்புகிறார். பருப்புப் பொடியும் எள்ளுருண்டையும் முட்டி வலித் தைலமும் அவர் பையில் வருகின்றன. இதையும் அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் கூப்பிடுங்கள்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். புரோக்கர் கோவிந்தராஜுலு ஆள் கூட்டிவர ஆரம்பித்ததும் முதலில் வந்தவர் நஞ்சப்பன். பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வைத்திருக்கிறார். மகனுக்கு இங்கே சரவணம்பட்டியில் கம்பெனி வேலை. மோட்டாரைப் போடச் சொல்லித் தண்ணீரைப் பார்த்தார், மொட்டை மாடிக்கு ஏறி இறங்கினார், நாம் சொன்ன விலையைக் கேட்டார், "சரிங்க" என்றார். அவ்வளவுதான். அன்றைக்குப் போனது என் தூக்கம். கொஞ்சமாவது குறைத்துக் கேட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். பேரமே பேசாமல் ஒருவர் ஒத்துக்கொண்டால், நாம்தான் கம்மியாகச் சொல்லிவிட்டோம் என்று தோன்றாமல் வேறு என்ன தோன்றும்? நீங்களும் அதையேதான் சொன்னீர்கள். ரோடு அகலமாகப் போகிறது, விலை ஏறும், தை மாதம் வரை பொறு, நான் இன்னும் இரண்டு வருஷம் இங்கே இருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது என்றீர்கள்.

நஞ்சப்பனுக்கு ஆடி பிறப்பதற்குள் அட்வான்ஸ் கொடுத்துவிட வேண்டும். ஆடியில் அவர்கள் வீட்டில் எந்த நல்ல காரியமும் பேசமாட்டார்களாம். நாம் இழுத்தடித்தால் விளாங்குறிச்சியில் பார்த்து வைத்திருக்கும் இன்னொரு வீட்டுக்குப் போய்விடுவார். கோவிந்தராஜுலு தினமும் கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்திக்கொண்டு, "ஏனுங்க அம்மணி, மொதல்ல வந்த பார்ட்டியத் தள்ளிப்போட்டு, அப்பறம் ஆளே வராம உக்காந்திருக்கறவங்கள நெறையப் பாத்திருக்கறனுங்க" என்கிறார். அவர் போனதும் பக்கத்து வீட்டு மெர்சி அக்கா வந்து, "அவசரப்படாத கண்ணு, இன்னும் நாலு பேருக்குக் காட்டிப்போட்டு முடிவு பண்ணு" என்கிறார். அவர் பேசும்போது அவர் சொல்வது சரி, இவர் பேசும்போது இவர் சொல்வது சரி. வாசலில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எழுந்து ஓடுகிறேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஜன்னலில் நிற்கிறேன். தாரணிக்குச் சடை பின்னிக்கொண்டிருக்கும்போதே பாதியில் விட்டுவிட்டு எங்கோ பார்க்கிறேனாம். அவளே சொல்கிறாள்.

என் பதற்றம் ரோட்டைப் பற்றியதல்ல. இந்த வீட்டுக் கடன் அடைந்தால்தான் நீங்கள் அந்த வேலையை விடமுடியும். விற்றுக் கடனைக் கட்டிவிட்டு, மிச்சத்தில் கோபியில் நம் இடத்தில் சின்னதாக ஒரு வீடும் ஒரு லேத்துப் பட்டறையும் போடலாம் என்று போன லீவில் நீங்கள்தான் சொன்னீர்கள். அதற்கு நஞ்சப்பன் கொடுப்பது போதும். தை வரை பொறுத்தால் புது மிஷினே வாங்கலாம் என்று ஆசை காட்டுகிறீர்கள். எனக்கு மிஷின் பழசாக இருந்தால் பரவாயில்லை.

பூ கேட்டுவிடலாம் என்றார் அத்தை. ஊருக்குப் போய்க் குலதெய்வம் கோயிலில், வெள்ளரளியை ஒரு பொட்டலத்திலும் செவ்வரளியை ஒரு பொட்டலத்திலும் மடித்து ஆத்தாள் காலடியில் வைத்தோம். வெள்ளை வந்தால் வீட்டைக் கொடுப்பது, சிவப்பு வந்தால் பொறுப்பது. தாரணிதான் எடுத்தாள். சிவப்பு. "ஆத்தா சொல்லீட்டா, பொறுக்கோணும்" என்று அத்தை விபூதி பூசிவிட்டார். ஆத்தாளுக்கும் ரோடு அகலமாவது தெரிந்திருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். நஞ்சப்பனுக்கு என்ன சொல்லி மறுப்பது என்று யோசித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

சனிக்கிழமை ஷாஹுல் தம்பி பார்சல் வாங்க வந்தார். உங்களைப் பற்றி, அங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா தம்பி என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். "இப்பப் பரவால்லீங்கக்கா. மயங்கி உழுந்ததுக்கு அப்பறம் மேல ஏர்ற வேலையே குடுக்கறதில்லீங்க. டாக்டர்தான் ஊருக்குப் போயிருங்கன்னு சொல்லீட்டே இருக்கறாரு" என்றார். எனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டார் பாவம். என் முகத்தைப் பார்த்ததும், கையில் எடுத்த டீ டம்ளரைக் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. சித்திரையில் சளி, அதனால்தான் குரல் கம்மியிருக்கிறது என்றீர்களே, அப்போதுதானாம். எனக்கு உங்கள் மேல் வந்த கோபத்தை எழுதினால் இந்தத் தாள் போதாது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது, அதனால் விட்டுவிடுகிறேன்.

அத்தை அடுப்படியில் இருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் விடிந்ததும் தாரணியைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். நான் வரட்டுமா என்றதற்கு, "நீ எதுக்கு அம்மணி, நானே போயிட்டு வாரேன்" என்றார். ஒரே காரியத்துக்கு இரண்டு தடவை பூ கேட்கக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். சாயங்காலம் திரும்பி வந்து பொட்டலத்தை என் கையில் வைத்தார். வெள்ளை. "அன்னிக்கு வூட்டக் கேட்டோம். இன்னிக்கு எம்பையனக் கேட்டேன். குடுத்துரு" என்றார்.

அவர் குளிக்கப் போன பிறகு தாரணி பையிலிருந்து இன்னொரு பொட்டலத்தை எடுத்து விளையாட்டாகப் பிரித்தாள். அதிலும் வெள்ளரளிதான்.

நான் அதை எடுத்துச் சாமி படத்துக்கு வைத்துவிட்டேன். அத்தையிடம் கேட்கவில்லை. நீங்களும் கேட்கக் கூடாது. செவ்வாய்க்கிழமை விரதத்தை ஒரு வாரம் விட்டாலே நடுங்குகிற மனுஷி அவர். குளித்துவிட்டு வந்து அந்தப் படத்துக்கு முன்னால் நின்று வெகுநேரம் கன்னத்தில் போட்டுக்கொண்டே இருந்தார்.

வீட்டை விற்கும் பவர் பத்திரம் என் பேரில்தான் இருக்கிறது. நாளைக்கு நஞ்சப்பன் வருகிறார். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது அட்வான்ஸ் வாங்கியிருப்பேன். விலை போதுமா என்று என்னிடம் கேட்காதீர்கள். போதாவிட்டாலும் போதும்.

ஆவணியில் கிரயம். அதற்கு முன்னாலேயே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள் மாமா. நீங்கள் வந்துவிட்டால் ஆத்தாள் அத்தையை மன்னித்துவிடுவாள். வராவிட்டால் அத்தை தன்னை மன்னிக்கவே மாட்டார். என்னைப் பற்றி நான் எழுதவில்லை.

உங்கள் வரவுக்குக் கதவைத் திறந்தே வைத்திருக்கும்,
லோகப்பிரியா.