பாதிவழியில் இறங்கிய அளவையியல்

வெள்ளவத்தை
மாசி, 1997

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் இருமல் குறைந்ததா?

சிரிப்பீர்கள் என்று ஒன்று எழுதுகிறேன். நேற்று கொட்டாஞ்சேனைக்கு அளவையியல் என்ற தர்க்கப் பாடம் படிப்பிக்கப் போகையில், பஸ்ஸில் பெரிய பையோடு ஒரு தமிழ்ப் பெண் அருகில் அமர்ந்தாள். குண்டு வைப்பவர்கள் தமிழர், இவளும் தமிழ், ஆகவே... மாணவர் இப்படி எழுதினால் சிவப்பு மையால் வெட்டுவேன். பிழையென்று தெரிந்தும் வழியிலேயே பம்பலப்பிட்டியில் இறங்கிவிட்டேன். அவளும் பின்னாலேயே ஓடிவந்து இறங்கினாள்.

“ஏன் தங்கச்சி இறங்கினனீங்கள்?”

“நீங்கள் எதையோ வச்சிட்டு இறங்கிறியள் எண்டு பயந்திட்டன், அக்கா.”

அடுத்த பஸ்ஸில் இருவரும் தள்ளித்தள்ளியே இருந்தோம்.

மாமா வரும்போது மிளகாய்த்தூள் கொடுத்துவிடுங்கள். சின்னப் பையில் போதும். வகுப்புக்கு நேரமாகிறது.

உங்கள் மகள்,
நேசமலர்