குழிக்கு இரண்டு விதை

உங்களுக்கு எழுதும்போதும் முதலில் பட்டியல் போடத்தான் கை போகிறது. சிரித்துக்கொள்ளுங்கள். சொல்ல நினைத்திருப்பவை நான்கு.

1. இன்று காலை நான் பிரித்த ஈரத்தாள் சுருளும் அதன் வாசனையும்.
2. பூசணம் பிடித்த ஒரு விதையால் நான் செய்த தவறும், நீங்கள் என்னோடு அதிகாரியின் அறைக்கு வந்ததும்.
3. முளைக்கும் விதைக்குப் பக்கத்து விதையால் கெடுதல் வரலாம், உதவி வராது. இது என் பழைய கருத்து. இன்றும் அதில் நிற்கிறேன்.
4. உங்கள் மகள் செல்வியின் நிலத்தில் போன மாதம் நடந்தது.

காலையில் சாப்பாட்டு மேசைமேல் வைத்துச் சுருளைப் பிரித்தேன். விதை ஆய்வகத்தில் நாம் செய்த அதே முறைதான். நனைத்துப் பிழிந்த தாளில் விதைகளை வரிசையாக வைத்து, மேலே இன்னொரு தாளை மூடி, பாய் போலச் சுருட்டி நிறுத்தி வைத்து, பத்தாம் நாள் முளைகளை எண்ணுவது. ஆய்வகத் தாள் இப்போது கிடைப்பதில்லை. சமையலறைத் தாளை இரண்டாக மடித்துப் போட்டேன். வாசனை மட்டும் மாறவில்லை. ஈரத்தாளும் பச்சை வேர்க்கடலையும் சேர்ந்த வாசனை. கொஞ்சம் பால், கொஞ்சம் மண். "இதுக்கு வேற இடம் இல்லியா?" என்று கேட்டுவிட்டு என் மனைவி தன் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள். நான் குனிந்தே இருந்தேன். "யோவ் ஸ்கேலு, எண்றியா, மோந்து பாக்கிறியா?" என்று பக்கத்து மேசையிலிருந்து உங்கள் குரல் வரும் என்று காத்திருந்தேனோ என்னவோ.

நீங்கள் போய் இது இரண்டாவது ஆடி. ஸ்கேலு என்று கூப்பிட இப்போது ஆள் இல்லை.

அந்தப் பெயர் வந்த கதையை நீங்கள் பலரிடம் சொல்லியிருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் அதிகாரியின் மீசையைக் கொஞ்சம் பெரிதாக்கினீர்கள். நான் அளவோடு சொல்கிறேன். அடி அண்ணாமலைப் பக்கத்து விவசாயி ஒருவர் விதைக்கென்று வைத்திருந்த வேர்க்கடலை சோதனைக்காக என் கைக்கு வந்தது. அந்த நாளில் நான் விதைகளை நெருக்கமாக அடுக்குவேன், தாள் மிச்சமாகும். நடுவில் ஒரு விதை அழுகி, அதன் வெள்ளைப் பூசணம் சுற்றியிருந்த முளைகளின் மேல் பஞ்சு போலப் படர்ந்துவிட்டது. பக்கத்து விதையிலிருந்து தொற்றியதென்றால் அந்த முளையை நல்ல முளையாகவே எண்ண வேண்டும் என்பது விதி. எனக்கு அது மனப்பாடம். இருந்தும் சந்தேகம் வந்தது. தொற்றியதா, உள்ளேயே இருந்ததா? சந்தேகப்பட்டதையெல்லாம் கழித்துவிடுவதுதான் எனக்குப் பாதுகாப்பு என்று கழித்தேன். விதை தேறவில்லை என்று கையெழுத்துப் போட்டேன்.

குப்பைக்குப் போக இருந்த தாளை நீங்கள்தான் தூக்கிப் பார்த்தீர்கள்.

"இன்னாய்யா இது? பக்கத்து ஊட்டுக்காரனுக்குச் சொறி வந்தா, இவனை இன்னாத்துக்கு ஊரை விட்டுத் தள்ற?"

தாளை மறுபடி பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த மனிதர் பார்த்துப் பார்த்துக் காயவைத்த விதை, என் பயத்தால் செக்குக்குப் போகப்போகிறது. அதிகாரியிடம் போய்த் தவறைச் சொல்ல வேண்டும். அவர் குரல் தாழ்வாரத்தின் கடைசி வரை கேட்கும். நாளைக்குச் சொல்லிவிடுகிறேன் சார் என்றேன்.

"நாளைக்கு நீ லீவு போட்டுடுவே. எழுந்திரு. நானும் வரேன். திட்டு ஆளுக்குப் பாதி."

அறைக்குள் நான் வாயைத் திறப்பதற்குள் "எங்க தப்பு சார்" என்றீர்கள். அந்தச் சுருளை நீங்கள் தொட்டதுகூட இல்லை. திட்டு விழுந்தது. கூடவே மறுசோதனைக்கு அனுமதியும் கிடைத்தது. இந்த முறை தாராளமாக இடைவெளி விட்டு வைத்தோம். விதை தேறியது. வெளியே டீக்கடையில், "உன் பங்கு கம்மி. நான்தான் ஜாஸ்தி வாங்கிக்கினேன். அதனால டீ உன்னுது" என்றீர்கள். மறுநாள் தேரடித் தெருவில் ஒரு மர ஸ்கேல் வாங்கிவந்து என் மேசையில் வைத்து, "இனிமே அளந்து வை" என்றீர்கள். கேலிக்காகத்தான் தந்தீர்கள். நான் உண்மையிலேயே அளக்கத் தொடங்கிவிட்டேன், ஓய்வு பெறும் நாள் வரைக்கும்.

என் மூன்றாவது குறிப்பு அங்கே பிறந்ததுதான். ஒரு விதை அழுகினால் பக்கத்து விதைக்கும் கேடு. இரண்டும் நன்றாக முளைத்தால் நீருக்கும் வெளிச்சத்துக்கும் போட்டி. தள்ளித் தள்ளி வைத்தால் இரண்டு தொல்லையும் இல்லை. நீங்களோ, நாள் முழுவதும் என் பக்கத்தில் உட்கார்ந்து விதை எண்ணிவிட்டு, விடுமுறையில் கீழ்பென்னாத்தூருக்குப் போய் உங்கள் நிலத்தில் குழிக்கு இரண்டு விதை போட்டுவிட்டு வருவீர்கள். படித்த நீங்களே இப்படிச் செய்யலாமா என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒத்தையா முட்டுனா கழுத்து ஒடையும்யா. ரெண்டு பேர் சேந்து முட்டுனா மண்ணே தூக்கிக்கும்."

"நிரூபிக்க முடியுமா சார்?"

"அதுக்கு நீ வந்து விதை பக்கத்துல படுக்கணும். வரியா?"

நான் வரவில்லை. அழைப்பு கேலியாக இருந்தாலும் உங்கள் நிலத்துக்கு ஒரு முறையாவது வந்திருக்கலாம். புறப்படுவதென்றாலே எனக்கு நூறு யோசனை.

இனி செல்வி. இப்போது அவள்தான் உங்கள் நிலத்தைப் பார்க்கிறாள். ஆனி தொடக்கத்தில் ஒரு பௌர்ணமியன்று வேர்க்கடலை விதைப் பையோடு வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பேருந்தை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்களாம். கிரிவலக் கூட்டத்துக்குள் நடந்து வந்ததில் வியர்த்துப்போயிருந்தாள்.

"சித்தப்பா, போன வருஷம் மழை சரியில்லை. இந்த மல்லாட்டையை விட்டா வேற விதை இல்லை. இது முளைக்கலன்னா இந்தப் பட்டம் நிலம் சும்மாதான் கிடக்கும். பாத்துச் சொல்லுங்க."

நான் வெகுநாள் கழித்து ஸ்கேலை எடுத்தேன். பத்து நாள் காத்திருந்து, இரண்டு முறை எண்ணி, விதை நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அடியில், "குழிக்கு ஒரு விதை மட்டும். இடைவெளி அவசியம்" என்று சேர்த்துக் கோடும் போட்டேன்.

விதைத்த மூன்றாம் நாள் நல்ல மழை. பிறகு நாலு நாள் கடும் வெயில். அதற்குப் பின் செல்வி தொலைபேசியில் கூப்பிட்டாள். "சித்தப்பா, கொஞ்சம் வரீங்களா?" என்று மட்டும் சொன்னாள். அன்று நூறு யோசனை செய்ய நேரமில்லை, கிளம்பிவிட்டேன்.

செம்மண் மேலே ஓடு கட்டியிருந்தது. செருப்புக் காலால் மிதித்தால் அப்பளம் போல உடைந்தது. நிலம் வெறுமையாகக் கிடந்தது, வடக்கு ஓரத்து நாலு சால் வரிசைகளைத் தவிர. அங்கே மட்டும் மண் ஓடு பிளந்து, மூடி திறந்தது போல ஒருபக்கம் தூக்கி நிற்க, ஒவ்வொரு பிளவிலும் இரண்டு முளைகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றன.

விதைப்புக்கு வந்திருந்த முனியம்மா களத்தில் நின்றிருந்தார். "அந்த நாலு சாலும் நான் போட்டதுங்க. பாப்பாவோட அப்பாரு பழக்கின பழக்கம், கை தானா ரெண்டு போட்டுடுச்சு. அப்பாலதான் பாப்பா காயிதத்தைக் காட்டி, ஒண்ணு ஒண்ணா போடுன்னுச்சு. காயிதம் எழுதுன சாரு நீங்கதானா?" என்று கேட்டார். நான்தான் என்றேன். மற்றச் சால்களில் ஓரிடத்தில் உட்கார்ந்து மண் ஓட்டை விரலால் நகர்த்திப் பார்த்தேன். அடியில் முளை இருந்தது. உயிரோடுதான் இருந்தது. முட்டி முட்டிக் கழுத்து தடித்து வளைந்து கிடந்தது.

செல்வியை நிமிர்ந்து பார்க்கக் கூசியது. அருகில் நீங்கள் இல்லை. "என் தப்பும்மா" என்று நானே சொன்னேன்.

"விடுங்க சித்தப்பா. காயிதத்தைக் கையில வச்சிக்கினு அதிகாரம் பண்ணவ நான்தானே. இப்ப இன்னா பண்றது, அதைச் சொல்லுங்க."

இறுகிய மேல்மண்ணை நனைத்து இளக்க வேண்டும், அதுவும் உடனே என்றேன். அன்று மாலையும் மறுநாள் விடியலிலும் தெளிப்பான் வைத்து லேசாக நனைத்தார்கள். இறுகிய இடங்களில் முனியம்மாவும் இன்னும் மூன்று பெண்களும் விரலால் மண்ணை நெகிழ்த்தினார்கள். நானும் ஒரு சால் நெகிழ்த்தினேன். குனிந்தபடியே போனதால் முதுகு பிடித்துக்கொண்டது, மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஒரு வாரத்தில் பெரும்பாலும் மேலே வந்துவிட்டன. முளைக்காத இடங்களில் மறுபடி விதை போட்டாள். நேற்று அனுப்பிய படத்தில் நிலம் பச்சை கட்டியிருக்கிறது. வடக்கு ஓரம் மட்டும் ஒரு விரல் உயரம் அதிகம்.

இத்தனைக்குப் பிறகும் எனக்கு ஒரு நப்பாசை. நான் பார்த்த விதை ஒன்று, விதைத்தது இன்னொன்றாக இருக்கலாம். வடக்கு ஓரத்தில் ஈரம் அதிகமாக இருந்திருக்கலாம். அதனால்தான் செல்வி விதைத்ததில் மீந்ததைக் கேட்டு வாங்கி, அவள் கேட்காமலே இந்தச் சுருளைப் போட்டேன். இன்று எண்ணினேன். அதே விதைதான், அதே போல நன்றாக முளைத்திருக்கிறது. ஈரத்தைப் பற்றிப் போன வாரமே கேட்டுவிட்டேன். "அந்த ஓரம்தான் மேடு. முதல்ல காயறதே அதான் சித்தப்பா" என்றாள்.

இத்தனை வருடம் தாளில் விதை வைத்து எண்ணிய எனக்கு ஒன்று தோன்றவில்லை. தாளுக்கு மேலே மண் கிடையாது. முட்டித் திறக்க வேண்டிய ஓடு அங்கே இல்லை. இருந்திருந்தால் துணை எதற்கு என்று என் விதைகளே எனக்குச் சொல்லியிருக்கும்.

ஸ்கேல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. எண் தேய்ந்துவிட்டது, கோடுகள் தெரிகின்றன. செல்வி அனுப்பிய செம்மண்ணைத் தொட்டியில் நிரப்பி, இதை எழுதும் நடுவில் எழுந்துபோய் அளந்து குழி போட்டேன். அளக்காமல் எனக்கு வராது. குழிக்கு இரண்டு விதை வைத்தேன். பின்னால் இரண்டுக்கும் போட்டி வரும் என்பதில் மட்டும் இன்னும் உறுதியாக இருக்கிறேன். அதற்காக நீங்கள் சண்டை போடலாம்.

மேலே போய்ப் பட்டியலைத் திருத்த மனம் வரவில்லை. எழுதியது எழுதியபடி இருக்கட்டும். மூன்றாவது குறிப்பு தவறு, சார். அந்த அறைக்கு நீங்கள் கூட வந்த அன்றே எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.