படையலில் ஒரு கலங்கல் கிளாஸ்

அக்கா,

இன்று காலை சம்பல் அரைக்க அம்மா கிரைண்டர் மூடியைத் திறந்தார். தேங்காய் போடுவதற்கு முன்பே ஜாருக்குள்ளிருந்து மணம் வந்தது. சிறுவயதில் நாம் குடித்த மோல்ட் பாலின் மணம். எத்தனை தரம் கழுவியும் போகவில்லை. "நீயும் உன்ர அக்காவும் சேர்ந்து என்ர கிரைண்டரைக் கெடுத்துப் போட்டியள்" என்றார். நீ போய் ஒரு வருடம் கழிந்தும் திட்டில் உனக்குப் பங்கு உண்டு. எனக்கு அது பிடித்திருந்தது.

இங்கே மோர்டனில், இதே அடுப்படியில்தான் நீ பியர் வடித்தாய். டின்னில் தேன் போலக் கெட்டியாக வரும் மோல்ட் பாணியைத் தண்ணீரில் கரைத்து, கசப்புக்கு ஹொப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்க வைத்து, ஆறியதும் ஈஸ்ட் தூவி வாளியை மூடி வைப்பாய். நான் பள்ளிக்கூடத்தை விட்ட வருடம் அது. வருகிற சொந்தக்காரர் எல்லோரும் ஏன் விட்டாய் என்று கேட்பார்கள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நீ என்னை உள்ளே கூப்பிட்டுக் கரண்டியைத் தருவாய்.

"கதைக்க ஏலாட்டி விடு. கையை மட்டும் எடுக்காத, அடிப்பிடிச்சிடும்."

பாணி உனக்குச் சலித்தது. "இது பைக்கற் சூப் மாதிரியடி. அடுத்த முறை பாதியாவது தானியத்தில செய்வம்" என்று முளைகட்டி உலர்த்திய மோல்ட் பார்லி ஒரு பை வாங்கி வைத்தாய். அதைப் பிரிக்குமுன் ஆஸ்பத்திரிக்குப் போனாய். திரும்பி வரவில்லை.

நீ போன எட்டாம் நாள் உனக்குப் பிடித்ததெல்லாம் படத்துக்கு முன் படைத்தார்கள். நண்டுக் கறி, இறால், வடை. நீ வடித்த கடைசிப் போத்தலை நானும் கொண்டுவந்தேன். பெரியப்பா இறந்தபோது அவர் படையலில் விஸ்கிக் கிளாஸைத் தன் கையாலேயே வைத்த சித்தப்பா, அந்தப் போத்தலை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். "பொம்பிளைப் பிள்ளைக்கு இதை வைக்கிறதோ? ஆக்கள் சிரிப்பினம்." அந்த இடத்தில் ஆரஞ்சுச் சோடா வைத்தார். நீ கையாலும் தொடாத சோடா.

அதனால்தான் பையைப் பிரித்தேன். வருடம் முடிந்து வரும் ஆட்டைத் திவசத்துக்கு உன் படத்துக்கு முன் உன் பியர் இருக்க வேண்டும். எனக்கும் பத்தொன்பது ஆகிவிட்டது. பாணி டின்னையும் ஈஸ்டையும் ஹொப்ஸையும் நானே வாங்கினேன். நான் வேலை செய்யும் மரக்கறிக் கடையில் ஒரு நாள் லீவு கேட்டேன்.

தானியத்தை உடைக்க வேண்டும் என்று வீடியோவில் சொன்னார்கள். உடைப்பதற்கு நம் வீட்டில் கிரைண்டர்தானே. குரக்கன் மா போல நைசாக அரைத்து, புட்டுக்கு மா அவிக்கும் துணியில் கட்டிச் சுடுநீரில் ஊறப்போட்டு, சூடு இறங்காதிருக்கப் பானையைச் சுற்றி உன் போர்வையைப் போர்த்தினேன். பிறகு துணியைத் தூக்கினால் ஒரு சொட்டும் வடியவில்லை. உள்ளே களி. ஒன்றிரண்டாக உடைத்தால்தான் உமிக்கு நடுவே இனிப்பு நீர் வடிய வழி இருக்குமாம்.

"பியரோ, ஒடியல் கூழோ?" என்றார் அம்மா.

தோள் நோகும்வரை முறுக்கிப் பிழிந்தேன். வந்த கலங்கல் நீரில், அது போதாததற்குப் பாணியையும் கரைத்து, ஹொப்ஸ் போட்டுக் கொதிக்க வைத்தேன். கரண்டியிலிருந்து கையை எடுக்கவில்லை. ஆறியதும் ஈஸ்ட் தூவி வாளியை மூடி வைத்து, பிறகு போத்தலில் அடைத்து, திவசம் வரும்வரை பொறுத்தேன்.

திவசத்துக்கு மறுநாள் மீனும் இறைச்சியும் வைக்கும் மச்சப் படையல். சித்தப்பா சோடாவோடு வந்து அதை வைத்தார். நான் கிளாஸை இலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இதென்ன, அரிசி கழுவின தண்ணியோ?"

"பியர். அக்காவுக்கு."

"எடு பிள்ளை."

"எடுக்க மாட்டன்."

"அட, இவளுக்கு வாய் இருக்கு!" என்று சித்தி சிரித்தார். சித்தப்பா சிரிக்கவில்லை. "எடு எண்டு சொல்லுறன்."

கிளாஸைப் பிடித்த கையை நான் எடுக்கவில்லை. எல்லோரும் பார்த்தார்கள். அம்மா வந்து சோடாவைத் தூக்கிச் சித்தப்பாவின் கையில் கொடுத்தார். "நீங்களே குடியுங்கோ. மூத்தவளுக்குச் சோடா பிடிக்காது."

நீ வந்து சாப்பிடுவதற்காகக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றோம். திறந்தபோது நுரை அடங்கியிருந்தது. எடுத்துக் குடித்தேன். உமியை மாவாக்கியதால் நாக்கை இழுக்கும் துவர்ப்பு. நீ துப்பியிருப்பாய். நான் முழுவதையும் குடித்தேன். சித்தப்பா பார்த்துக்கொண்டு நின்றார். பார்க்கட்டும்.

பையில் இன்னும் பாதி இருக்கிறது. அடுத்த முறை ரொட்டிக் கட்டையால் உடைப்பேன்.

ஏன் படிப்பை விட்டாய் என்று இப்போதும் கேட்கிறார்கள். ஆனால் அடுப்படிக்குள் ஓடுவதில்லை அக்கா. கேட்டவர் வேறு பக்கம் திரும்பும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.