டிசம்பர் வரை தாங்கு

சிங்கப்பெருமாள் கோயில்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மனைவி கவியாவுக்கு சாம் எழுதுவது.

இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். நீயும் அங்கே சுகமாக இருப்பாய் என்று அடுத்த வரி வர வேண்டும். நீ சுகமாக இல்லை என்பது தெரிந்துவிட்டது. அதனால் எழுதவில்லை.

போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று கேட்பாய். போனில் நான் உன்னை ஒரு வாக்கியம் முழுதாகப் பேச விடுவதில்லை. நீ "வலி" என்று ஆரம்பித்தால் நான் "மாத்திரை போட்டியா" என்று முடித்துவிடுவேன். அதோடு, இதையெல்லாம் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. நாளை வைஷாலி இங்கிலாந்துக்குத் திரும்புகிறாள். அவளிடம் கொடுத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை உன் கைக்கு வந்துவிடும். புதன்கிழமைக்கு முன்னால் நீ இதைப் படித்தாக வேண்டும்.

வைஷாலி மேல் கோபப்படாதே. லீவில் செங்கல்பட்டு வந்த உன் அறைத்தோழி நீ கொடுத்தனுப்பிய பார்சலைத் தரத்தான் என்னைக் கூப்பிட்டாள். போன ஞாயிறு அவள் வீட்டார் எல்லோரும் மாமல்லபுரம் போயிருந்தார்கள். அங்கேயே வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னாள். மணலில் உட்கார்ந்து மிளகாய்த்தூள் போட்ட மாங்காய் தின்றுகொண்டிருந்தாள். எனக்கும் ஒரு துண்டு நீட்டினாள். சும்மா பேச்சுக்கு, கவியா இதைப் பார்த்தால் விடமாட்டாளே என்றேன். அவள் மாங்காயைக் கீழே வைத்துவிட்டாள்.

"அவளாலே இத்த கடிக்க முடியாது அண்ணா. ஒரு மாசத்துக்கு மேல ஓட்ஸ் கஞ்சியத்தான் குடிச்சிகினு கீறா. உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள்.

பல் வலி என்று தெரியும், டிசம்பரில் லீவுக்கு வந்ததும் திருப்போரூரில் காட்டிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன், அங்கே ஆகும் செலவில் கால்வாசிகூட ஆகாது என்றேன். அப்போது அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உங்க கம்பெனி மெஷினுல சின்னதா சத்தம் வந்தா சோத்துத் தட்டுல இருந்து எழுந்து ஓடுவீங்களாமே. அந்தப் பல்லு உங்களாண்ட ஒரு பேரிங்கா பொறந்திருந்தா இந்நேரம் மாத்தியிருப்பீங்க."

அவள் அம்மா சிரித்தார். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. வைஷாலி மீதியைச் சொல்லச் சொல்ல அந்தக் கோபமும் போய்விட்டது. நான் அனுப்பிய முறுக்கை அங்கே உங்கள் வீட்டில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு ஒன்றை மட்டும் டீயில் ஊறவைத்துத் தின்றாயாம். என்னிடம் "நல்லா இருந்துச்சு, அம்மாகிட்ட சொல்லுங்க" என்றாய். நானும் அம்மாவிடம் சொன்னேன்.

அதன்பிறகுதான் அவள் அந்தச் சனிக்கிழமையைச் சொன்னாள். ஜுரத்தோடு ட்யூட்டி பார்த்து, கன்னம் வீங்கி, கண் பாதி மூடிப்போய், வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே அவசரப் பிரிவில் உன்னைப் படுக்க வைத்திருக்கிறார்கள். ஊசி போட்டு, மருந்து கொடுத்து, பல் டாக்டரைப் பார் என்று அனுப்பிவிட்டார்களாம். எந்தப் பல் டாக்டரை? அதைத்தானே நீ மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தாய்.

மறுநாள் ஞாயிறு. திருப்போரூரில் நாம் தவணை கட்டி வாங்கும் மனையில் நம் ஜெபம்.

கவியா, அன்றைக்கு நான் என்ன செய்தேன் என்பது உனக்கு மறந்திருக்காது. பாஸ்டர் ஏசுபாதம் பைபிளைத் திறந்துவிட்டார். அப்பா வெள்ளைச் சட்டையில் கார்னர் மனையின் மூலைக்கல் பக்கத்தில் நின்றார். குமார் மாமா, சித்திகள், சர்ச் ஆட்கள் எல்லோரும் சுற்றி நிற்க, நான் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ காலில் உன்னைக் காட்டினேன். நீ சால்வையைக் கண் வரைக்கும் இழுத்துச் சுற்றியிருந்தாய். குளிர் என்றாய். இத்தனை பேர் முன்னால் நான் சொன்னேன்: "இன்னா திருடி மாதிரி மூடிகினு கீற? பெரியவங்க பாக்கறாங்க, மூஞ்சக் காட்டு." எல்லோரும் சிரித்தார்கள். நீ சால்வையைக் கொஞ்சம் இறக்கினாய். அம்மா உடனே, "டேய், பொண்ணு கன்னம் ஒரு பக்கமா வீங்கினாப்பல கீதுடா" என்றாள். நான் என்ன சொன்னேன்? சிக்னல் சரியில்லை, படம் இழுக்கிறது என்றேன். டிப்ளமோ படித்தவன் சொன்னால் அம்மா நம்பத்தானே செய்வாள். நீயும் "ஆமாம் அத்தை, இங்க நெட்டு ஸ்லோ" என்றாய்.

மாமல்லபுரம் மணலில் உட்கார்ந்து அதை நினைத்தபோது எழுந்து பைக்கை எடுக்கவே எனக்கு நேரம் பிடித்தது.

மறுநாள் திங்கட்கிழமை சாயங்காலம் நீ இருக்கும் ஊர் கிளினிக் நம்பர்களை எடுத்து நானே வரிசையாகப் போன் போட்டேன். "மூணு கிளினிக்ல வேணாம்னுட்டாங்க" என்று நீ சொன்னபோது, ஒழுங்காகக் கேட்கத் தெரியவில்லை, நான் அங்கிருந்தால் ஒரே நாளில் முடித்திருப்பேன் என்று சொன்னவன் நான்தானே. ஒழுங்காகவே கேட்டேன். எல்லா இடத்திலும் ஒரே பதில். அரசுக் கட்டணத்தில் புது ஆட்களைச் சேர்ப்பதில்லை. தனியார் கட்டணம் என்றால் நாளைக்கே வரலாம். ஒரு அம்மா மட்டும் அன்பாகப் பேசினார். பெயரை எழுதி வைக்கிறேன், எப்போது கூப்பிடுவோம் என்று சொல்ல முடியாது என்றார். உடம்புக்கு எது வந்தாலும் அரசாங்கமே பார்த்துக்கொள்ளும் நாடு என்று நம் தெருவில் பெருமை பேசியவன் நான். பல் மட்டும் உடம்பில் சேர்த்தி இல்லை போலிருக்கிறது.

தனியாரில் வேர் சிகிச்சை செய்தால் பல்லைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொன்னதையும், பிடுங்கினால் செலவு குறைவு என்று நீ புதன்கிழமைக்குப் பிடுங்க நேரம் வாங்கியிருப்பதையும் வைஷாலி சொல்லிவிட்டாள். "பின்னாடி பல்லுதானே, சிரிச்சா தெரியாது. மனைக்கு இந்த மாசம் அனுப்பணும்" என்றாயாம். எனக்காகப் பேசியதா, அப்பாவுக்காகப் பேசியதா தெரியவில்லை. உனக்காகப் பேசியது இல்லை.

செவ்வாய்க்கிழமை மனை விற்கும் சுப்பிரமணியைப் போய்ப் பார்த்தேன். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். இந்த மாதமும் அடுத்த மாதமும் பணம் கட்ட முடியாது என்று சொன்னேன். நல்ல மனிதர். முன்பணம் எங்கேயும் போகாது, பொங்கலுக்குப் பிறகு பதிவு செய்யலாம் என்றார். ஆனால் கார்னர் மனைக்கு வேறு ஆள் காத்திருக்கிறார், அதை நிறுத்தி வைக்க முடியாது, உள்ளே தள்ளி ஒன்று தருகிறேன் என்றார். நான் சரி என்றேன்.

பஸ் ஸ்டாண்டு வந்ததும் அப்பா ஆரம்பித்தார். "ஜெபம் பண்ண மண்ண இன்னொருத்தனுக்கு குடுத்துட்டு வர்றியேடா. ஊரெல்லாம் கூட்டினு போயி காட்டினேனே, இன்னா மூஞ்ச வெச்சிகினு நான் சர்ச்சுக்குப் போவேன்?" என்றார். இத்தனை வருஷம் அடுத்தவர் நிலத்தில் நடவு நட்டவர். அவருக்கு அது மனை மட்டும் இல்லை என்று உனக்கும் தெரியும். பல் விஷயத்தை அங்கேதான் சொன்னேன். நான் உன்னைத் தாங்கச் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். திருப்போரூரிலிருந்து வீடு வரைக்கும் அப்பா முன் சீட்டில் தனியாக உட்கார்ந்து வந்தார். மறுநாளும் பேசவில்லை. அம்மா பரிமாறினால் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

அம்மா உனக்காகச் சுட்டு வைத்திருந்த முறுக்கைப் பார்சலிலிருந்து எடுத்துவிட்டாள். கேழ்வரகு மாவும் வறுத்து அரைத்த பயறும் வைத்திருக்கிறாள். கூழ் காய்ச்சிக் குடி. கட்டி தட்டாமல் கிண்ட வேண்டுமாம்.

இந்த இடத்தில், நீ புதன்கிழமை என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தால் ஷிப்டு மாறும்போது ஹெல்ப்பருக்கு எழுதிக் கொடுப்பது போலவே இருந்தது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். பிடுங்குவதா காப்பாற்றுவதா, நீயும் டாக்டரும் பேசி முடிவு செய்யுங்கள். நீ நர்ஸ், உனக்கே தெரியும். காசுக்காக மட்டும் பிடுங்க வேண்டாம். இந்த மாதம் நீ எங்களுக்கு ஒன்றும் அனுப்ப வேண்டாம். அனுப்பினால் திருப்பி அனுப்புவேன். இதுவும் கட்டளை மாதிரித்தான் இருக்கிறது, இதை மட்டும் அடிக்கப் போவதில்லை.

ஒன்று பாக்கி. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

இன்று காலை வேலைக்குக் கிளம்பி ஷூ போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா பின்னால் வந்து நின்றார். செவ்வாய்க்குப் பிறகு பேசிய முதல் பேச்சு. "அந்தப் பொண்ணுக்கு எந்தப் பக்கம்டா வலி?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை.

மெஷினில் சத்தம் என்று யார் போன் செய்தாலும் என் வாயில் வரும் முதல் கேள்வி அது. எந்தப் பக்கம், மோட்டார் பக்கமா மறுபக்கமா. அது தெரியாமல் நான் ஸ்பேனரைத் தொடமாட்டேன். உன்னிடம் கிராம்பு எண்ணெய் வைக்கச் சொன்னேன், உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொன்னேன், டிசம்பர் வரை தாங்கச் சொன்னேன். எந்தப் பக்கம் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஜெபத்தன்று அந்த வீடியோ காலில் எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீ மூலையில் சின்னக் கட்டத்தில் இருக்கிறாய். சால்வைதான் தெரிகிறது. மீதியெல்லாம் மனைக்கல்.

"கட்டினவன் நீ, உனக்கே தெரியாதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அப்பா உள்ளே போய்விட்டார். நான் வேலைக்குப் போகவில்லை. லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கர்த்தர் உன் வலியைக் குறைக்கட்டும், அவர் குறைக்கும் வரைக்கும் நான் அதைக் கூட்டாமல் இருக்கட்டும். படித்ததும் போன் செய். நான் பேசமாட்டேன். நீ முதலிலிருந்து சொல். எந்தப் பக்கம், எந்தப் பல், எப்போது ஆரம்பித்தது, சூடாகக் குடித்தால் வலிக்கிறதா, படுத்தால் வலிக்கிறதா, எல்லாம் சொல். அப்பாவும் பக்கத்தில் இருப்பார். அவருக்கும் தெரிய வேண்டுமாம்.

உன்,
சாம்