தலைவலி நாளைக்கும் இருக்கும்

மார்ச் 4, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

இன்றைக்கு யாரிடமும் சொல்லாமல் விட்டதை உனக்கு எழுதுகிறேன்.

காலையில் என் கடையிலுள்ள அரசு சேவை மையத்தை ஆய்வு செய்ய அதிகாரி வந்தார். வாசலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும் நோட்டில் ஒரு கோடு போடுவதுதான் அவர் வேலை. பத்திலிருந்து ஒன்றுக்குள் இருபது கோடுகள் விழுந்தால் சேவை மையம் இங்கேயே தொடரும். இல்லையென்றால் ஓய்வூதியத்துக்குக் கைரேகை வைக்கும் இயந்திரம், மருந்துப் பொட்டலங்களுக்கான குளிர்பெட்டி எல்லாமே போய்விடும். பிறகு வெறும் சோப்பையும் பேட்டரியையும் வைத்துக்கொண்டு கடை நடத்த முடியாது.

விழுந்தவை மூன்று. மின்சார மீட்டர் பார்ப்பவர், வழி கேட்டு வந்த ஒருவர், பிஸ்கட் வேன் டிரைவர்.

சாயங்காலம் தையல்காரம்மா பூரிப்போடு வந்தார். "என்னம்மா, ஒரு ஈ காக்கா தொந்தரவு பண்ணலையே? தெருமுனையில நானே நின்னு எல்லாரையும் திருப்பி அனுப்பிட்டேன். மீசைக்காரர் தலைவலி மாத்திரைக்கு வந்தாரு. தலைவலி நாளைக்கும் இருக்கும், இன்னைக்கு ஆபீசர் இருக்காரு, போய்யான்னுட்டேன்."

இந்த ஊரில் ஒரு வீட்டுக்குப் பெரிய ஆள் வந்தால் மற்றவர்கள் வாசலை விட்டு ஒதுங்குவதுதான் மரியாதை. அது தெரிந்தும், அதிகாரி வருகிறார் என்று பலகையில் எழுதிவைத்தது நான். எல்லோரும் வாருங்கள் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். அழைப்பது கெஞ்சுவதுபோல் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

"ரொம்ப நன்றிம்மா" என்றேன். அவருடைய இன்சுலினை எடுத்துக் கொடுத்தேன்.

உன் தங்கை

மார்ச் 9

என் செல்லத்துக்கு,

போனை எடுக்க மாட்டாய், அதனால் நானும் பேனாவைப் பிடித்திருக்கிறேன். சரியாகச் சாப்பிடுகிறாயா?

நீ சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். கால் முறிந்தபோதும் சாயங்காலம் வரை வாயைத் திறக்கவில்லை. இந்த முறை என்னால் சும்மா இருக்க முடியவில்லை. தையல்காரம்மாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொல்லிவிட்டேன். ஊரே சேர்ந்து மனு எழுதிக் கொடுத்தால் மறுபடி எண்ண வருவார்கள் அல்லவா? அவர் எத்தனை கையெழுத்து வேண்டும் என்று கேட்டார். பிறகு, "நான் பாத்துக்கறேன் தாயி" என்றார்.

என்னைத் திட்டாதே. உன் நல்லதுக்குத்தான் செய்தேன்.

அக்கா

ஏப்ரல் 13

அக்காவுக்கு,

அறுபத்தொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். வீடு வீடாக ஏறி இறங்கி வாங்கியது தையல்காரம்மாதான். மறு ஆய்வு அடுத்த ஆண்டுதான் என்று ஒரே வரியில் பதில் வந்தது.

அதன் பிறகு அவர் கடைப் பக்கம் வரவில்லை. பின்தெரு வழியாகச் சுற்றிப் போனார். அவருடைய மருந்து ஒன்பது நாள் குளிர்பெட்டியில் கிடந்தது. நானே எடுத்துக்கொண்டு போனேன். கதவைப் பாதி திறந்து கையை மட்டும் நீட்டினார்.

"நீ அன்னைக்கே என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே. நன்றின்னு சொன்னியே" என்றார்.

நான் வாசலிலேயே நின்றேன். கதவு சாத்திக்கொண்டது.

மற்றவர்கள் வருவதும் குறைந்துபோனது. வந்தவர்கள் தேவையில்லாத சோப்பை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். மீசைக்காரர் மட்டும் ஒருநாள், "தலைவலி இன்னும் இருக்கும்மா" என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

கோபமா என்று நீ கேட்பாய். நீ நல்லதை நினைத்துத்தான் செய்தாய், அவர்களும் அப்படித்தான். நல்லதை நினைத்துச் செய்தவர்களிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் கொஞ்ச காலம் எழுத வேண்டாம்.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி இயந்திரத்தையும் குளிர்பெட்டியையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான்கு நாள் கழித்துக் கடையைப் பூட்டினேன். தையல்காரம்மா மருந்துக்கு வாரம் ஒருமுறை இரண்டு பேருந்து மாறி டவுனுக்குப் போக வேண்டும். இந்த வாரம் அவர் போகவில்லை.

தங்கை