"லைட்டைப் போடு, முகமே தெரியல"

அன்புள்ள அப்பா,

உங்களையும் அம்மாவையும் வணங்கி எழுதுகிறேன். முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

என் பள்ளி இன்னும் ஆன்லைனில்தான் நடக்கிறது. போன வாரம் நம் நிறத்துச் சிறுமி ஒருத்தியிடம், "லைட்டைப் போடு, முகமே தெரியல" என்று சொல்லிப் பிள்ளைகள் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவள் வகுப்புக்கு வரவில்லை. சிரித்தவர்களின் பெற்றோரைக் கூப்பிட்டுக் கண்டித்தேன். "சிறுசுங்க விளையாட்டு, பெருசு பண்ணாதீங்க" என்றார்கள்.

சிறுமியின் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா கதவைப் பாதிதான் திறந்தார்.

"தலைமையாசிரியரா இருந்தும் உங்களையே இங்க மதிக்கல. எம்பொண்ணை எப்படிக் காப்பாத்துவீங்க?"

இன்று அவர் கேட்டபடி, அவள் பெயரைப் பதிவேட்டில் நானே அடித்தேன்.

கவலைப்படாதீர்கள், வேளைக்குச் சாப்பிடுகிறேன். நீங்கள் அனுப்பும் அடுத்த பார்சலில் உங்கள் கையெழுத்தில் ஒரு பக்கம் வையுங்கள். என்ன எழுதினாலும் சரி.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் மகள்